ஷாக் கொடுத்த ஷாக் அப்சார்பர்!

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் மனிதர்களுக்கு விதவிதமான வியாதிகள் வரும். சிலருக்குத் தங்க வியாதி. சிலருக்கு செல்போன் வியாதி. எனக்கு வந்தது சைக்கிள் வியாதி. அதிலும் முற்றிய ரகம்... முன்பக்க ஃபோர்க்கை மாற்றும் வியாதி!

முதலில் என் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 16 ஆயிரம் ரூபாய் 'மவுன்டன் பைக்'. (புதுச்சேரியில் மலை ஏது என்று கேட்காதீர்கள். மேம்பாலம் இருக்கிறதே!) பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. முன்பக்க ஃபோர்க்கில் மட்டும் ஸ்பிரிங். இந்த ரகத்துக்கு 'ஹார்ட்டெயில்' என்று பெயர். 'கெட்டி வால்' என்று தமிழ்ப்படுத்திப் பார்த்தேன். வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாள் வில்லியனூரிலிருந்து புதுச்சேரி டவுனுக்கு ஆபீஸ் சவாரி. ஞாயிற்றுக்கிழமை பாகூர் ஏரிக்கரை. ரோடு வரைக்கும் தகராறு இல்லை. ஏரிக்கரையில்தான் இருக்கிறது சங்கதி. மழை பெய்து சேறாகும். அதில் மாடுகள் நடந்து போகும். அப்புறம் வெயில் காயும். ஆயிரம் குளம்புத் தடமும் அச்சுவெல்லம் மாதிரி கெட்டியாகிக் கிடக்கும். அதன் மேல் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் போதும், இரண்டு கையும் மரத்துப் போகும். திங்கட்கிழமை ஆபீசில் பேனா பிடித்தால் என் கையெழுத்தை நானே போர்ஜரி செய்தது போல இருக்கும்.

அந்த நேரம் பார்த்து பாகூரில் இருக்கும் என் சித்தப்பா பையன் சைக்கிளுக்குப் புது ஃபோர்க் மாட்டிவிட்டான். புதுசு என்றால் அவனுக்குப் புதுசு. யாரோ கழற்றி விற்றது. ஸ்பிரிங் இல்லை, உள்ளே காற்று. 140 மில்லிமீட்டர் இறங்கி ஏறும். "அண்ணே, சும்மா மெத்தை மேல போற மாதிரி இருக்கு" என்றான். ஓட்டிப் பார்த்தேன். மெத்தைதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஃபோர்க் மாத்தலாம்னு இருக்கேன்."

"எவ்ளோ?"

"பதினாலாயிரம்."

"சைக்கிள் எவ்ளோங்க?"

"பதினாறு."

"பதினாறாயிரம் ரூவா மாட்டுக்குப் பதினாலாயிரத்துல மூக்கணாங்கயிறா?"

நான் பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரை இரண்டு தடவை எழுதிப் பாஸ் செய்தவன். அந்தப் பாடம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

ஆனால் வியாதி தோசைக்கெல்லாம் அடங்குமா? அடுத்த சனிக்கிழமை தம்பியை அவன் சைக்கிளோடு வரச்சொல்லி, இருவருமாக எங்கள் பக்கத்து சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. காலத்திலிருந்து ஸ்பேனர் பிடிப்பவர். "இதே மாதிரி எனக்கும் ஒண்ணு போடணும்ணே" என்று தம்பியின் சைக்கிளைக் காட்டினேன்.

அவர் ஃபோர்க்கைப் பார்க்கவே இல்லை. ஹேண்டில் பாருக்குக் கீழே, ஃபோர்க்கின் தண்டு நுழையும் குட்டைக் குழாய் இருக்கிறதல்லவா... அதில் ஃபிரேம் வெல்டிங் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துணியால் துடைத்தார். கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் ஓரிடத்தில் மாட்டி நின்றது.

"பெயின்ட் கீறல்னு நெனச்சியா தம்பி? விரிசல்."

தம்பி முகத்தில் ரத்தம் இல்லை. எனக்குக் காரணம் தெரியும். அந்த ஃபிரேமின் குறுக்குப் பாரில் ஒரு குட்டி சீட் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் அவனுடைய ஐந்து வயது மகள் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள்.

அடுத்த பத்து நிமிஷம் அண்ணன் நடத்தியது பாடம். பாகூரில் பல்லவர் காலத்திலேயே ஒரு கல்விக்கூடம் இருந்தது, அதற்கு ஊர்களைத் தானம் கொடுத்தார்கள் என்று செப்பேடு சொல்கிறது. அங்கே என்ன நடத்தினார்களோ தெரியாது. எனக்கு இந்தப் பாடம் போதும்.

தம்பியின் ஃபிரேம் 100 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்காகச் செய்தது. 140 போட்டதும் முன்பக்கம் நாலு சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டது. ஃபோர்க் 20 மில்லிமீட்டர் உயர்ந்தாலே முன்பக்கச் சாய்வு சுமார் ஒரு டிகிரி மாறிவிடும். இவனுக்கு இரண்டு டிகிரி! மேட்டில் ஏறும்போது ஹேண்டில் தானாக அலையும். அது கூடப் பரவாயில்லை. கடப்பாரையை நினைத்துப் பாருங்கள். நீளம் கூடக் கூட நெம்பும் பலம் கூடும். ஒவ்வொரு பள்ளத்திலும் நீளமான ஃபோர்க் அந்த வெல்டிங்கை நெம்புகிறது. ஃபோர்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஃபிரேமைத் தின்றுகொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லிட்டா ஒடையும்?" என்றார் அண்ணன்.

தம்பி அங்கேயே அந்தக் குட்டி சீட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான். நான் என் பதினாலாயிரத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தேன்.

நாலு கேள்வி

"மாத்தவே கூடாதுன்னு சொல்லல. அளந்துட்டு மாத்து" என்று அண்ணன் நாலு கேள்வி கேட்டார். நான்குக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களாவது குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஃபோர்க்கின் தண்டு எப்படி? மேலிருந்து கீழ் வரை ஒரே பருமன் என்றால் பொதுவாக ஒன்றேகால் அரைக்கால்... இல்லை, தப்பு, ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீட்டர். (வாய்ப்பாடு மறந்த பி.காம்.!) விலை கூடிய பல ஃபோர்க்குகளில் தண்டு அடியில் ஒன்றரை அங்குலமாகப் பருத்திருக்கும். நேர்த்தண்டுக்கான ஒல்லிக் குழாயில் அது நுழையவே நுழையாது. பழைய சைக்கிள்களில் தண்டில் மரையே போட்டிருக்கும். அது தனிக் கதை.

இரண்டு: சக்கரம் 26 அங்குலமா, 27.5-ஆ, 29-ஆ? ஃபோர்க்கும் அதே அளவுக்கானதாக இருக்க வேண்டும்.

மூன்று: அச்சும் பிரேக்கும். நம் பட்ஜெட் சைக்கிளில் முன்சக்கர அச்சு 9 மில்லிமீட்டர். அடியில் வாய் திறந்த கொக்கியில் உட்காரும். புதிய ஃபோர்க்குகள் பலவற்றில் 15 மில்லிமீட்டர் அச்சு ஊடுருவிப் போகும். அப்படியானால் சக்கரத்தின் ஹப்பையும் மாற்ற வேண்டும். செலவு குட்டி போடுவது இப்படித்தான். டிஸ்க் பிரேக் என்றால் அதை மாட்ட ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்கு: உயரம். பழைய ஃபோர்க் எவ்வளவோ அவ்வளவு. 80 இருந்தால் 80, 100 இருந்தால் 100. இந்த நான்காவது கேள்விதான் தம்பியின் ஃபிரேமில் கோடு கிழித்தது.

"சரி, உன் ஃபோர்க்குக்கு என்ன கேடு?" என்று என் சைக்கிளுக்கு வந்தார். ஃபோர்க்கின் உள்கால் மேல் ஒரு பிளாஸ்டிக் டையைச் சுற்றி, அடிவரை தள்ளி, "மெதுவா ஏறி உக்காரு, அப்புறம் குலுக்காம இறங்கு" என்றார். டை எவ்வளவு மேலே நகர்ந்திருக்கிறதோ, அவ்வளவு ஃபோர்க் நம் எடைக்கு இறங்கியிருக்கிறது. 100 மில்லிமீட்டர் ஃபோர்க் என்றால் 20-லிருந்து 25 வரை இறங்க வேண்டும். எனக்கு இறங்கியது எட்டு!

காரணம் ஒன்று, நான். ஃபோர்க்கின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. 'டைட் வைத்தால் நன்றாக வேலை செய்யும்' என்று நானே முழுக்க இறுக்கி வைத்திருந்தேன். ஸ்பிரிங் சராசரி ஆளுக்குச் செய்தது. நான் 58 கிலோ. அதையும் இறுக்கினால் எப்படி அசையும்? திருகைத் தளர்த்தினார்.

காரணம் இரண்டு, உள்ளே இருந்தது. அடியில் இருந்த இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் லேசாகத் தட்டி, கீழ்க்கால்களை உருவினார். கறுப்பாக ஒரு குழம்பு வழிந்தது. பாதி துரு, பாதி பாகூர். மூன்று வருஷமாக நான் சைக்கிளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய புண்ணியம்! துடைத்து, புது கிரீஸ் தடவி, திரும்ப மாட்டினார். (இது ஸ்பிரிங் ஃபோர்க்குக்குச் சொன்னது. காற்று ஃபோர்க் என்றால் முதலில் காற்றை முழுக்க இறக்காமல் எந்தப் போல்ட்டிலும் கை வைக்கக் கூடாது.)

திரும்ப ஏறி இறங்கினேன். பத்தொன்பது!

முதல் ஷாக் அப்சார்பர்

"உன் சைக்கிள்ல முதல் ஷாக் அப்சார்பர் எது தெரியுமா?" என்றவர் என் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கவில்லை. "கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்க."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரிதான். பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்றொரு மாட்டு வைத்தியர். அவர் மகன் கெட்டி ரப்பர் சக்கரம் போட்ட மூன்று சக்கர சைக்கிளில் கடகடவென்று அவஸ்தைப்படுவதைப் பார்த்து, காற்றடைத்த டயரைச் செய்தார். 1888-இல் காப்புரிமை வாங்கினார். ஆக, டயரே பிள்ளையின் குலுக்கலைக் குறைக்க ஓர் அப்பா செய்த ஷாக் அப்சார்பர்தான்.

ஃபோர்க்குக்குள் ஷாக் வைக்கும் பழக்கம் மவுன்டன் பைக்கில் பரவ அப்புறம் நூறு வருஷம் ஆயிற்று. மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்த பால் டர்னர் என்ற அமெரிக்கர் 1989-இல் ராக்ஷாக்ஸ் ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். அது இறங்கி ஏறியது மொத்தமே சுமார் 48 மில்லிமீட்டர். 1990-இல் கொலராடோ மாநிலம் டுராங்கோவில் நடந்த முதல் உலக மவுன்டன் பைக் சாம்பியன்ஷிப்பில், இறக்கப் பந்தயத்தை கிரெக் ஹெர்போல்ட் ஜெயித்தது ராக்ஷாக்ஸ் ஃபோர்க்கில்தான். உலக சாம்பியன் மலையிலிருந்து இறங்க 48 போதுமாக இருந்தது. ஏரிக்கரையில் காற்று வாங்க நமக்கு 140!

டயர் ஓரத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று காற்றின் அளவு அச்சடித்திருக்கும். நான் அதிகபட்சத்தை மார்க் ஷீட் மாதிரி நினைத்து முழுக்க அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் 35-க்கு இறக்கினார். என் எடைக்கும் இரண்டு அங்குல டயருக்கும் அது போதும். இன்னும் இறக்கினால் பள்ளத்தில் ரிம் ட்யூபைக் கடித்துவிடும்.

மறுநாள் ஞாயிறு. அதே ஏரிக்கரை, அதே மாடுகள், அதே தடம். ஒரு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினேன். விரல்களை மடக்கிப் பார்த்தேன். பத்தும் வந்தன. திங்கட்கிழமை கையெழுத்தைக் கேஷியர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

மொத்தச் செலவு 350 ரூபாய். ஃபோர்க் ஓவராயில் முந்நூறு, டீ ஐம்பது.

அப்படியானால் புது ஃபோர்க்கே வேண்டாமா? வேண்டும், சிலருக்கு. வாரத்துக்கு மூன்று நாள் கரடுமுரடில் ஓட்டுகிறீர்கள், ஃபிரேம் நல்ல ஃபிரேம், நாலு கேள்விக்கும் பதில் பொருந்துகிறது, ஃபோர்க் விலை சைக்கிள் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். (கடைசிக் கணக்கு என் சொந்த பி.காம். கணக்கு.) அதற்கு மேல் போனால் அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து நல்ல சைக்கிளாகவே வாங்கிவிடலாம். பழைய சைக்கிளை விற்கும்போது 'ஃபோர்க் மட்டும் பதினாலாயிரம்' என்றால் வாங்குகிறவன் சிரிப்பான்.

காற்று ஃபோர்க் வாங்கினால் அதற்கென்று தனியாக ஷாக் பம்ப் உண்டு. பெட்ரோல் பங்க் குழாயைச் செருகாதீர்கள். தண்டை அறுக்கும் முன் இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள். அறுத்த தண்டு தலைமுடி இல்லை, வளராது. மாட்டி முடித்ததும் முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் திரும்பக் கடைக்கு.

தம்பி அந்த ஃபிரேமை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டான். காற்று ஃபோர்க்கை விற்ற காசோடு கொஞ்சம் சேர்த்து, ஸ்பிரிங், காற்று எதுவுமே இல்லாத சாதா சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறான். மகள் இப்போது கேரியரில் சீட் வைத்து, அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகிறாள். பள்ளம் வந்தால் அவன் இறங்கித் தள்ளுகிறான்.

போன வாரம் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்த மூக்கணாங்கயிறு என்னாச்சு?"

"வேணாம்னு விட்டுட்டேன். மாட்டைக் குளிப்பாட்டினதே போதும், சரியாயிடுச்சு."

"அப்ப பதினாலாயிரம்?"

அது இப்போது அவளுடைய வியாதிக்குப் போய்விட்டது. தங்க வியாதி!