மோகினித் தீவும் வாவிக்கரை வாசகரும்

கல்கி அவர்களின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் 'சிவகாமியின் சபத'மும் 'பொன்னியின் செல்வ'னுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. அவ்விரு பெருநிலங்களுக்கும் இடையே கடலில் ஒதுங்கிய சிறு திட்டுப் போலக் கிடப்பது 1950ஆம் ஆண்டில் வெளிவந்த 'மோகினித் தீவு' என்னும் குறுநாவல். ஒரே மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். ஆயினும் எழுவான்கரையிலுள்ள சனசமூக நிலையமொன்றின் வாசகசாலையிலே மாதம் இருமுறை கூடும் எங்கள் வட்டத்தில், இச்சிறு நூலைப் பற்றிய பேச்சு மூன்று கூட்டங்களுக்கு நீண்டுவிட்டது. புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் சம அளவினர் என்று சொல்லலாம். அவர்கள் சொன்ன காரணங்கள் நூலைக் காட்டிலும் சுவையுடையனவாக இருந்தமையால் அவற்றை இங்கே எழுத முற்பட்டேன்.

நூலைப் படியாதவர்க்காகக் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். தமிழ்ப் பேசும்படம் ஒன்றைப் பார்க்கச் சென்ற எழுத்தாளர் அங்கே பழைய நண்பர் ஒருவரைக் காண்கின்றார். படமோ சகிக்கத் தக்கதாக இல்லை. நண்பர் தம் அனுபவத்தைச் சொல்லத் தொடங்குகின்றார். யப்பானியர் பர்மாவினுள் நுழைந்த காலத்தில் இரங்கூனிலிருந்து கப்பலேறித் தப்பியவர் அவர். பகைவரின் போர்க்கப்பலுக்கு அஞ்சி, அவர் வந்த கப்பல் பெயரறியாத ஒரு தீவின் மறைவில் ஒதுங்குகின்றது. கரையில் இறங்கியவர் பாழடைந்த ஒரு நகரையும் அற்புதமான சிற்பங்களையும் காண்கின்றார். முழுநிலவு எழுகின்றது. அழகே உருவெடுத்தாற் போன்ற ஓர் இளைஞனும் இளநங்கையும் எதிர்ப்படுகின்றனர். பாண்டிய இளவரசி புவனமோகினியும் சிற்பியின் மாணாக்கனாக வேடம் பூண்டு வந்த சோழ இளவரசன் சுகுமாரனும் காதலித்த கதையை அவ்விருவரும் மாறி மாறிச் சொல்கின்றனர். ஒருவர் சொல்ல மற்றவர் மறுப்பதும், மறுத்தவர் தொடர முதல்வர் திருத்துவதுமாகக் கதை நடக்கின்றது. எந்நூற்றாண்டிலோ நிகழ்ந்தவற்றை நேற்று நிகழ்ந்தன போலச் சொல்லும் இவர்கள் யாவர் என்னும் ஐயம் கேட்பவருக்கும் நமக்கும் ஒருங்கே வளர்கின்றது.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஆதலின் மலிவுப் பதிப்புகளுக்குக் குறைவில்லை. எங்கள் வாசகசாலையில் இருப்பதோ ஒரே பிரதி. அது பெரியவர்களின் கைகளில் சுற்றியது. உயர்தர வகுப்பு மாணவர் எல்லோரும் கைத்தொலைபேசியிலே படித்துக்கொண்டு வந்தனர்.

முதற் கணையைத் தொடுத்தவர் ஒரு விஞ்ஞான ஆசிரியர். "வந்தவர்கள் ஆவிகளா, மனிதரா, அல்லது அவர் கண்டது கனவா? ஆசிரியர் ஏதேனும் ஒன்றைத் துணிந்து சொல்ல வேண்டாமா? மழுப்பிவிட்டு நழுவுகின்றாரே" என்றார். இக்கேள்விக்கு விடை தேட நாங்கள் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வாசகசாலைச் சன்னலைத் திறந்தால் வாவி தெரிகின்றது. கல்லடிப் பாலத்தருகே நிலாக்கால இரவுகளில் நீருக்குள்ளிருந்து எழும் இசையொலியைப் பற்றி 1848இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி விசாரித்தார்; தாமும் தோணியிற் சென்று கேட்டார்; சிப்பி, ஊரி முதலிய உயிர்களின் ஒலியாகலாம் என்று கருதினார். அதே ஒலியைக் கேட்ட காரைதீவுப் பெருமகன் விபுலாநந்த அடிகளார், 1947இல் வெளிவந்த தமது 'யாழ் நூ'லிலே, நீரர மகளிர் நிலவில் எழுந்து ஏழிசை பாடியதாகக் கவிதை செய்தார். கணக்கும் அளவும் நிறைந்த ஓர் ஆராய்ச்சி நூலில், விஞ்ஞானமும் கற்ற ஒரு துறவி, நீரர மகளிருக்கு இடம் ஒதுக்கியது எதனால்? இதனை நான் கேட்டபோது விஞ்ஞான ஆசிரியர் சிரித்துவிட்டு, "அடிகளார் பாட்டிலே அது கற்பனை என்று எனக்குத் தெரிகிறது, இதிலே தெரியவில்லை. தெரியாததுதான் எனக்கு உறுத்துகிறது" என்றார். நேர்மையான விடை. அவ்வுறுத்தலை உண்டாக்குவதே ஆசிரியர் நோக்கமாக இருந்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்லி அமர்ந்தேன்.

என்னைப் போலவே பண்டிதப் பாடம் கேட்ட நண்பர் ஒருவர் வேறொரு வழியில் வந்தார். எந்தப் பாண்டியன், எந்தச் சோழன், எக்காலம் என்பது அவர் வினா. மணிமேகலா தெய்வம் ஒரு பெண்ணை இரவோடிரவாகத் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் வைத்ததையும், அவள் அங்கே தன் பழம்பிறப்பை அறிந்ததையும் மாணவர்க்கு முகம் மலரப் படிப்பிப்பவர் இவர். காப்பியத்தில் தீவும் தெய்வமும் வரலாம், உரைநடையில் வரலாகாது என்பதற்கு எந்த இலக்கணத்தில் விதி உண்டு? இந்த வழக்கை நாங்கள் நீட்டவில்லை.

இலக்கணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதலில் வைத்தார். மருட்கையை நான்காவதாக வைத்தார். அச்சத்தை அதற்கடுத்து வைத்தார். மருட்கையும் அச்சமும் அண்டை வீட்டாரேயன்றி ஒரு வீட்டார் அல்லர். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' அச்சத்தின் கதை. படித்து முடித்தபின் விளக்கை அணைக்க மனம் வருவதில்லை. 'மோகினித் தீ'வில் அச்சம் என்பது மருந்துக்கும் இல்லை. வியப்பும் நகையும் கைகோத்து வருகின்றன. பேய்க்கதை என்று எண்ணி எடுத்த மாணவர் சிலர் ஏமாந்து போனமைக்கு இதுவே காரணம். "ஒரு இடத்திலையாவது பயம் வரும் எண்டு பார்த்தன் சேர், சிரிப்புத்தான் வந்தது" என்றான் ஒருவன். அதனை அவன் குறையாகவே சொன்னான்.

இனி, மிகக் கனமான மறுப்புக்கு வருகின்றேன். அதைச் சொன்னவர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர். பேராசிரியர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலை இளமையிலேயே கரைத்துக் குடித்தவர். 1941 திசெம்பரில் இரங்கூன் மீது குண்டு விழத் தொடங்கியது. 1942 மார்ச்சில் அந்நகர் வீழ்ந்தது. அக்காலத்திலே பர்மாவை விட்டுப் புறப்பட்ட இந்தியர் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர். கப்பலில் இடம் கிடைத்தவர் பாக்கியவான்கள். கிடையாதவர் காட்டு வழியிலும் மலை வழியிலும் நடந்தனர். பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். "இத்தனை பேருடைய அழிவை ஒரு கப்பற்படி போலப் பயன்படுத்திக்கொண்டு, அதில் ஏறி நிலவுக்குப் போய்விடுகிறார் கல்கி. தளத்தில் நெருக்குண்டு கிடந்தவர்கள் கப்பலிலேயே கிடக்கிறார்கள். கதை அவர்களிடம் திரும்பி வரவேயில்லை" என்றார் அவர்.

அன்றைய கூட்டத்தில் சற்று நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. நம் ஊரவர்க்கு அந்த ஆண்டும் அந்தக் கடலும் ஏட்டிலே படித்தறிந்தவை மட்டுமல்ல. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது மட்டக்களப்புக் கடலிலேயே. 300க்கு மேற்பட்டோர் அதனோடு இறந்தனர். அக்கப்பல் இன்றும் நம் கரைக்கு அப்பால் ஆழத்திலே கிடக்கின்றது. என் சிறுவயதில் அதைப் பற்றிச் சொல்ல முதியவர் பலர் இருந்தனர். எவரும் அதனைச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. ஆகவே வரலாற்று ஆசிரியரின் மறுப்பை வெறும் கொள்கைப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பேசி முடித்தபோது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அவ்வளவு சிலையையும் செதுக்கின ஆட்கள் எங்க சேர்? இளவரசனும் இளவரசியும் நிலவில வரலாமெண்டால் அவங்களும் வரலாம்தானே?" என்று கேட்டாள். கல்கி அன்பர் ஒருவருக்கும் இதற்கு மறுமொழி அகப்படவில்லை.

என்னளவில் நூலின் குறைகள் வேறு சிலவும் உண்டு. தொடக்கத்திலே பேசும்படத்தை எள்ளும் பகுதி அன்று பத்திரிகை வாசகருக்கு இனித்திருக்கலாம். இன்று வாயிலிலே நம்மை நிறுத்தி வைத்துக் கதவைத் திறக்கத் தாமதிக்கின்றது. போரும் சிறையும் மாறுவேடமும் வரும் நடுப்பகுதி, அவரே பிற நூல்களில் இன்னும் விரிவாகச் செய்தவற்றின் சிறு பதிப்பு. ஆனால் அந்தக் கணவனும் மனைவியும் வாய் திறக்கும்போது நடை வேறாகிவிடுகின்றது. எவர் முதலிற் காதலித்தார், எவர் பேச்சை எவர் நம்பவில்லை என்றெல்லாம் அவர்கள் தொடுக்கும் வழக்கில் கல்கியின் நகை தன் முழு வலிமையோடு நிற்கின்றது. பிற எழுத்தாளர் பிரிவாற்றாமையைக் கொண்டு காதலை அளந்தனர். இவரோ ஊடலைக் கொண்டு அளந்தார். காலத்தை வென்ற காதலர் இருவர் ஒருவரையொருவர் ஏங்கி நோக்கிக்கொண்டிராமல், 'நீ சொல்வது பிழை' என்று சண்டையிடுகின்றனர்.

இப்படி ஊடலைத் தெய்வ நிலைக்கு உயர்த்தி விளையாட்டாக்குவது மட்டக்களப்பார்க்குப் புதிதன்று. கண்ணகியம்மன் கோயில்களின் கொம்புமுறி விளையாட்டைப் பார்த்தவர் அறிவர். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். கொம்புகளைக் கொளுவி இழுப்பதும் ஒரு சேரியார் மறு சேரியாரை வசைபாடி எள்ளுவதும் ஊர் முழுவதும் நடக்கும். மதுரையை எரித்த மாபெருஞ் சினத்தைக் குளிர்விக்க நம் முன்னோர் கண்ட வழிகளுள் கணவன் மனைவி சண்டை போன்ற இவ்விளையாட்டும் ஒன்று. துயரத்தின் உச்சியிலே நகைக்கு இடம் வைத்த அவர்களை எவரும் இரக்கமற்றவர் என்று சொன்னதில்லை.

இக்கருத்தை இரண்டாங் கூட்டத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, வழக்கமாகப் பின்வரிசையில் பேசாதிருக்கும் ஓர் அம்மையார் பேசினார். நாவலடியைச் சேர்ந்தவர். 2004 திசெம்பர் 26இல் வாவிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த அக்கிராமத்துக்கு நேர்ந்ததை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இப்போது திராய்மடுவில் குடியிருக்கின்றார். பேரப்பிள்ளையை வாசகசாலைக்குக் கூட்டி வருபவர், நேரம் போக்க இருந்தவிடத்தில் வாசகரானவர். அவர் இக்கதையைப் படித்தார் என்று அறிந்தபோது எங்களுள் சிலருக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. கடலுக்கு அப்பால் இறந்தவர் இன்புற்றிருக்கும் கதையை அவருக்குக் கொடுத்திருக்கலாமா என்று ஒருவர் என்னிடம் தனியே கேட்டுமிருந்தார்.

அவர் சொன்னது இது: "நிலவு, தீவு, அதெல்லாம் எனக்குப் பெரிசில்லை ஐயா. அந்த ரெண்டு பேரும் கதை சொல்ற விதம்தான். எங்கட மனிசனும் நானும் ஒரு கதையையும் ஒண்டாச் சொல்லி முடிச்சதில்லை. அவர் சொன்னால் நான் திருத்துவன்; நான் சொன்னால் அவர் திருத்துவார். வந்தவங்க சிரிப்பாங்க. இப்ப நான் சொல்றதைத் திருத்த ஆளில்லை. நான் சொன்னதுதான் கதை."

பிறகு, சண்டை வரும் அந்தப் பகுதியை யாரேனும் உரக்க வாசிக்க முடியுமா என்று கேட்டார். ஆண் பேசுவதை ஒரு மாணவனும் பெண் பேசுவதைச் சிலைகளைப் பற்றிக் கேட்ட அதே மாணவியும் வாசித்தனர். அம்மையார் இரண்டு இடங்களிலே வாய்விட்டுச் சிரித்தார். விஞ்ஞான ஆசிரியரும் சிரித்தார்.

இத்துடன் வழக்கு முடிந்துவிட்டது என்றே நான் எண்ணினேன். வரலாற்று ஆசிரியர் அவ்வாறு எண்ணவில்லை. மூன்றாங் கூட்டத்திலே அவர் அம்மையாரை நோக்கி மிகுந்த பணிவோடு, "அம்மா, நீங்கள் சொன்னதை நான் இந்த இரண்டு கிழமையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கப்பலில் கிடந்தவர்களுக்கும், நடந்து வந்து செத்தவர்களுக்கும் திருத்துவதற்கு ஆட்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?" என்றார்.

"இருந்திருப்பாங்கதான் தம்பி. அதை ஆராவது எழுதட்டும், அதையும் வாசிப்பம்" என்றார் அம்மையார்.

வாசகசாலைப் பிரதி இன்னும் அவரிடமே இருக்கின்றது. தவணை கடந்து நாளாயிற்று. நூலகப் பொறுப்பாளர் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் 'காஞ்சனை'யை எடுத்திருக்கின்றோம். பயம் வரவில்லை என்று குறைப்பட்ட மாணவன் அதனை இப்போதே படித்துவிட்டதாகக் கேள்வி.