கல்வராயன் சரிவில் பறக்கக் கற்கலாம்

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. போர் முடிந்ததும் அதன் வேலையும் முடிந்துபோனது. வானத்தோடு நமக்குள்ள உறவோ டிக்கெட் வாங்குவதோடு நின்றுவிட்டது. பறக்கக் கற்பவர்களும் பெரும்பாலும் வேலைக்காகவே கற்கிறார்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சொந்த விருப்பத்துக்காகப் பறக்கும் உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பயிற்சியும் போதும். ஆனால் அந்த 40 மணி நேரத்துக்கே லட்சக்கணக்கில் செலவாகும். 1930-ல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கியது முதல் இன்றுவரை விருப்பத்துக்காகப் பறப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகவே இருப்பதற்கு இதுதான் காரணம். சாமானியர் ஏறக்கூடிய முதல் படி பாராகிளைடிங். அதற்கு எஞ்சினும் வேண்டாம், ஓடுதளமும் வேண்டாம். நல்ல சரிவும் எதிர்க்காற்றும் வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே அந்தச் சரிவு இருக்கிறது. கோமுகி அணைப் பக்கம் நின்று பார்த்தால், சமவெளியிலிருந்து கல்வராயன் மலை நேராக எழுவது தெரியும். பாராகிளைடரின் துணியைச் சரிவில் விரித்து, நூல்களைச் சிக்கெடுத்து, இடுப்பு வாரையும் கால் வாரையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, காற்று முகத்தில் அடிக்கும்போது நாலைந்து எட்டு ஓடினால் கால் தரையை விட்டுவிடும். சொல்ல எளிது, காற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் காற்று மலையைத் தாண்டி வந்து கிழக்குச் சரிவில் சுழன்று இறங்கும். அப்போது அங்கே பறப்பது உயிருக்கு ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் மழை. கிழக்கிலிருந்து காற்று வரும் தை, மாசிதான் பார்க்க வேண்டிய மாதங்கள். இறங்குமிடமும் முக்கியம். ஆளுயரக் கரும்பிலோ மரவள்ளிக் காட்டிலோ விழக் கூடாது. அறுவடை முடிந்த தரிசு வேண்டும், அதன் சொந்தக்காரருக்கு வாடகையும் சேர வேண்டும்.

ஆபத்தான விளையாட்டு என்பார்கள். உண்மைதான். 2025 ஜனவரியில் கோவாவின் கேரியில் சுற்றுலா வந்த இளம்பெண்ணும் அவரைக் கூட்டிச் சென்ற விமானியும் இறந்தார்கள். அதைக் காட்டித் தடை போடுவது சுலபம். தடை போட்டால் ஆசை அடங்காது. பயிற்சியில்லாத கைகளுக்குப் போகும். ஒன்றிய அரசு 2022 ஜூனில் வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கை பாராகிளைடிங்கையும் உள்ளடக்கியது. அதன்படி பதிவு, கருவிச் சோதனை, பயிற்றுநர் தகுதி மூன்றையும் முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்கினால் கல்வராயன் நல்ல முன்மாதிரியாகும்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. சாலைக்கும் மருத்துவமனைக்கும் ஏங்கும் மலையில் பறப்பதா முக்கியம்? 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. சாலையும் மருத்துவமனையும் முதலில் வர வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவற்றுக்கான பணத்தைப் பாராகிளைடிங் கேட்கவில்லை. புல் சரிவில் கட்டடமும் தேவையில்லை. இமாச்சலத்தின் பீர் பில்லிங்கைப் பாருங்கள். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த அந்த மலையில் உள்ளூர் இளைஞர்களே விமானிகள் ஆனார்கள், வருமானமும் ஊரில் தங்கியது. இங்கே மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சியில் முதலிடம் தராமல் வெளியூர் நிறுவனத்துக்கு மலையைக் குத்தகைக்கு விட்டால், அந்தத் திட்டத்தை நானே எதிர்ப்பேன். வனத்துறையின் அனுமதியும் கிராம சபையின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு துணிகூட விரிக்கக் கூடாது.

மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் வரும் தை மாதம் வெள்ளிமலை, கரியாலூர்ப் பகுதிகளில் காற்றுமானிகளை நிறுத்தி ஒரு முழு ஆண்டு அளக்கட்டும். கணக்கு சரியாக வந்தால், மலையிலிருந்தே முதல் பத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.