அணுக்கழிவை எங்கே வைப்பது?

மாணவர்களே, அணுக்கழிவு பல்லாயிரம் ஆண்டுகள் ஆபத்தானது. அதை எங்கே வைப்பது என்று ஆராய, பிரிட்டன் 2003இல் ஒரு குழுவை அமைத்தது.

விண்வெளிக்கு அனுப்புவது, கடலில் போடுவது, தரைமேல் சேமிப்பது, பூமிக்கடியில் ஆழமாகப் புதைப்பது என எல்லா வழிகளையும் குழு பட்டியலிட்டது. பிறகு தகுந்த காரணம் காட்டிச் சிலவற்றை நீக்கியது. ராக்கெட் வெடித்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்!

எஞ்சிய வழிகளுக்குப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், செலவு, வருங்காலத் தலைமுறையின் சுமை எனத் தனித்தனியாக நிபுணர்கள் புள்ளி வழங்கினர். ஆனால், பாதுகாப்பும் செலவும் சம முக்கியமா? இதை அறிவியல் மட்டும் சொல்லாது. எனவே, பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. முக்கியத்துவத்தை மாற்றினால் முடிவு மாறுமா என்றும் சோதித்தனர்.

2006இல் குழு பரிந்துரைத்தது: ஆழத்தில் புதைப்பது, அதுவரை பாதுகாப்பாகச் சேமிப்பது.