மும்பைச் சந்தைக்கு மேய்ச்சல் கோழி

மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர் நாட்டுக்கோழி என்று கேட்டு வாங்குவதை மராத்தியர் 'காவ்டி கோம்ப்டி' என்பர். பண்ணைக் கறிக்கோழியைவிடக் கூடுதல் விலை கொடுத்து இதனை வாங்குவோர் உளர். நெருக்கம் மிகுந்த இப்பகுதிகளில் கோழியை மேயவிட இடமில்லை. ஆனால் நகரை அடுத்த தாணே, பால்கர், ராய்கட் மாவட்டங்களின் சிறு விவசாயிகளுக்கு இத்தேவை ஒரு வாய்ப்பாகும். இதில் இறங்குவோர் வரவையும் செலவையும் முன்கூட்டியே கணக்கிடுதல் இன்றியமையாதது.

தீவனக் கணக்கு

பண்ணைக் கறிக்கோழி ஆறு வாரங்களில் ஏறத்தாழ 2 கிலோ எடையை எட்டுகிறது. ஹைதராபாத் ஆராய்ச்சியாளர் உருவாக்கிய வனராஜா போன்ற இனங்கள் மேய்ச்சலுடன் ஒன்றரைக் கிலோ எட்டப் பத்து முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகின்றன. எனவே ஒரு கிலோ இறைச்சிக்கு ஆகும் தீவனம் இம்முறையில் அதிகமே. கோழி மாட்டைப் போல் புல்லை மட்டுமே தின்று வளராது. புல்லும் பூச்சியும் உயிர்ச்சத்தையும் ஓரளவு புரதத்தையும் தருமேயன்றி, தானியத் தீவனத்திற்கு முழு ஈடாகா. சாணமும் பழஞ்சாக்கும் இட்ட பானையைக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடிக்கும் நம் ஊர் வழக்கமும் அசோலா வளர்ப்பும் செலவை ஓரளவு குறைக்கும்.

நகரும் கூண்டு

குஞ்சுகளை முதல் ஐந்து, ஆறு வாரங்கள் கொட்டகையில் வளர்க்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 3 டிகிரி குறைக்கலாம். அதன்பின் அடிப்பாகமற்ற, வலையடித்த கூண்டில் புல்வெளிக்குக் கொண்டு செல்லலாம். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள கூண்டில் 60 கோழிகள் வளரும். கூண்டை நாள்தோறும் புதுப் புல்லுக்கு நகர்த்தினால் எச்சம் ஓரிடத்தில் குவியாது, நிலத்திற்கு உரமாகும். நாற்பது நாட்களுக்கு 4,800 சதுர அடி, அதாவது ஏறத்தாழ நான்கரைக் குண்டா நிலம் போதும். கீரி, நாய், பருந்து ஆகியவற்றிடமிருந்தும் கூண்டு காக்கிறது.

மழையும் நோயும்

கொங்கணத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் கனமழையில் புல் செழிக்கும். ஆயினும் கோழியை வெளியே விட இயலாது. ஈரத்தில் இரத்தக் கழிச்சல் பரவும். சிராவண மாதத்திலும் புரட்டாசியிலும் புலால் விலக்குவோர் பலராதலால், இக்காலத்தில் விற்பனையும் மந்தமாகும். ஆகவே செப்டம்பர் தொடக்கத்தில் குஞ்சு வாங்கி, அக்டோபரில் மேய்ச்சலுக்கு விட்டு, நவம்பர் இறுதியில் விற்பது ஏற்றது. டிசம்பரில் தொடங்கும் இரண்டாம் தொகுதிக்குப் புல் காயத் தொடங்குமாதலால் பசுந்தழை வெட்டிப் போட வேண்டும்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் ஒரு தொகுதியையே அழிக்க வல்லது. முதல் வாரத்திலும் 28-ஆம் நாளிலும் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசி மருந்தும் கால்நடை மருத்துவர் ஆலோசனைப்படி அளிக்க வேண்டும். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது ஏராளமான கோழிகள் அழிக்கப்பட்டன. காட்டுப் பறவைகள் தீவனத்தையும் நீரையும் தொடாதவாறு மூடி வைப்பது இதனால்தான் அவசியமாகிறது.

சந்தையே முதற்படி

மும்பை ஆரே பால் குடியிருப்பில் அமைந்த மத்திய கோழி வளர்ச்சி நிறுவனம் மேற்கு மண்டல விவசாயிகளுக்கெனத் தோற்றுவிக்கப்பட்டது. 2021-இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம், கிராமியக் கோழியினத் தாய்ப்பண்ணைகளுக்கு முதலீட்டில் பாதியை மானியமாக வழங்க வகை செய்தது. எனினும் குஞ்சும் கடனும் கிடைப்பதால் மட்டும் ஆதாயம் வந்துவிடாது. மேய்ச்சல் கோழியை மொத்த வணிகரிடம் கறிக்கோழி விலைக்கு விற்பவர் தீவனச் செலவையே ஈடுகட்ட மாட்டார். உரிய விலை தரும் கடைகளையும் குடும்பங்களையும் முன்னரே தேடிக்கொண்டு, முதல் ஆண்டில் ஒரே கூண்டுடன் தொடங்குவதே சிறு விவசாயிக்குப் பாதுகாப்பான வழியாகும்.