ஊஞ்சலும் துறைமுகப் பளுதூக்கியும்: இயந்திர மின்னணு அமைப்புகளை மாதிரியாக்கக் கற்றல்

திறவுச்சொற்கள்: இயந்திர மின்னணுவியல், கணித மாதிரி, ஊசல், பளுதூக்கி, கட்டுப்பாடு

முன்னுரை

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் அவதரித்த தலமாகப் போற்றப்படுவது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற தூத்துக்குடித் துறைமுகம் உள்ளது. கோயில்களின் ஊஞ்சல் உற்சவத்தையும் பழைய வீடுகளின் கூடத்து ஊஞ்சலையும் பார்த்து வளர்ந்த ஒரு மாணவர், துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கொள்கலங்களை மாற்றும் பளுதூக்கியைக் காணும்போது காண்பதும் ஓர் ஊஞ்சலையே. இவ்வொப்புமை எதுவரை செல்லும், எங்கே முறியும் என்பதை அறிவதே மாதிரியாக்கக் கல்வியின் சாரம் எனலாம்.

‘மெக்கட்ரானிக்ஸ்’ என்னும் சொல்லை 1969இல் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனப் பொறியாளர் தெட்சுரோ மோரி உருவாக்கினார். இயந்திரம், மின்னோடி, உணரி, கட்டுப்படுத்தி ஆகியவற்றை ஒரே அமைப்பாக நோக்கும் துறை இது. ஆயினும் பாடத்திட்டத்தில் இவை தனித்தனித் தாள்களாகவே வருகின்றன. இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது.

ஊசலாக நோக்குதல்

பளுதூக்கியின் மேல்தண்டவாளத்தில் டிராலி ஓடுகிறது. அதிலிருந்து எஃகுக் கயிறுகளில் கொள்கலம் தொங்குகிறது. காற்று, உராய்வு, கயிற்றின் நீட்சி ஆகியவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது தனி ஊசல். புவியீர்ப்பு முடுக்கத்தின் எண்மதிப்பு பையின் வர்க்கத்திற்கு மிக அருகில் இருப்பதால் மனக்கணக்குக்கு ஓர் எளிய வழி உண்டு: மீட்டரில் அளந்த கயிற்று நீளத்தின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் அலைவுக்காலம் வினாடியில் கிடைக்கும். 25 மீட்டருக்கு 10 வினாடி. 16 மீட்டருக்கு 8 வினாடி.

இனி டிராலியை வினாடிக்கு வினாடி 0.3 மீட்டர் என்னும் சீரான முடுக்கத்தில் செலுத்துவதாகக் கொள்வோம். (இவை விளக்கத்திற்காகக் கொண்ட எண்கள்; குறிப்பிட்ட ஒரு பளுதூக்கியின் அளவுகள் அல்ல.) சுமை பின்தங்கிச் சாய்ந்து, 25 மீட்டர் கயிற்றில் ஏறத்தாழ 1.5 மீட்டர் விலகி, மீண்டும் டிராலியின் நேர்கீழே வருகிறது. சரியாக 10ஆம் வினாடியில் முடுக்கத்தை நிறுத்தினால் சுமை ஆட்டமின்றி டிராலியுடன் சீராக நகரும். மாறாக 5ஆம் வினாடியில் நிறுத்தினால் இருபுறமும் 1.5 மீட்டர் வீதம் ஆடிக்கொண்டேயிருக்கும். கொள்கலத்தின் அகலமே 2.44 மீட்டர் என்பதையும், கப்பலின் மேல்தளத்தில் பணியாளர் நிற்பர் என்பதையும் நினைவிற்கொண்டால் இவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

கயிற்று நீளத்தைப் பிழையாகக் கொண்டாலும் விளைவு உண்டு. உண்மை நீளம் 16 மீட்டராக இருக்க, 25 மீட்டருக்குரிய 10 வினாடியைப் பயன்படுத்தினால் இருபுறமும் சுமார் 0.7 மீட்டர் ஆட்டம் எஞ்சும். நகரும்போதே சுமையை உயர்த்தினால் நீளம் ஒவ்வொரு கணமும் மாறும். ஒற்றை அலைவுக்காலத்தை நம்பிய கணக்கு அங்கே போதாது.

எடைக்குப் பங்குண்டா?

இயந்திரவியல் வகுப்பில் ‘ஊசலின் காலம் எடையைச் சாராது’ என்பர். மின்னோடி வகுப்பில் சுமையின் எடையே முதற்கேள்வி. இரண்டும் சரி; எப்போது எது சரி என்பதை எந்த வகுப்பும் தனித்துச் சொல்வதில்லை.

மின்னோடியும் அதன் வேகக் கட்டுப்படுத்தியும் வலுவானவையாக இருந்து, கட்டளையிட்ட வேகத்தை டிராலி பிசகாமல் பின்பற்றுமானால் சமன்பாட்டிலிருந்து எடை மறைந்துவிடும். கட்டுப்படுத்தி விசையை மட்டும் ஆணையிட்டு, வேகத்தைப் பின்னூட்டத்தால் காக்காமல் விட்டால் ஆடும் சுமை டிராலியையும் முன்னும் பின்னும் இழுக்கும். டிராலி 20 டன், சுமை 30 டன் எனில் அலைவுக்காலம் 10 வினாடியிலிருந்து ஏறத்தாழ 6.3 வினாடியாகக் குறைகிறது. ஆக, ஊசலின் காலத்தைத் தீர்மானிப்பதில் கட்டுப்படுத்தியின் வடிவமைப்புக்கும் பங்குண்டு. இயந்திரப் பகுதியை முதலில் தனியே மாதிரியாக்கி, மின்பகுதியைப் பிறகு ஒட்டவைக்கும் மாணவர் தவறவிடுவது இதைத்தான்.

கணினி உருவகப்படுத்தல் இத்தவற்றைத் திருத்திவிடும் என்று கருதுவதற்கில்லை. மேட்லேபோ, ஐஐடி பம்பாயின் பாஸீ திட்டம் பரப்பிவரும் கட்டணமில்லாச் சைலேபோ, கொடுத்த சமன்பாட்டையே தீர்க்கும். வழவழப்பான வளைகோட்டைக் கண்டதும் அதுவே விடை என எழுதிவிடும் வழக்கம் வகுப்பறைகளில் மிகுதி.

ஆய்வகத்தில்

ஒரு மீட்டர் நூல், சிறு தண்டவாளம், 200 கிராம் வண்டி, 300 கிராம் எடைக்கல் ஆகியவை போதும். வண்டியைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு பத்து அலைவுகளை அளந்தால் 20 வினாடி வரும். கையை எடுத்து வண்டியைத் தன்போக்கில் உருளவிட்டால், உராய்வு குறைந்த தண்டவாளத்தில் அதே பத்து அலைவுகள் 13 வினாடிக்குள் முடிந்துவிடும். நூலும் எடைக்கல்லும் மாறவில்லை. பிடித்திருந்த கைதான் வலுவான கட்டுப்படுத்தி.