கும்பிடவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம்!

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவுகளில் அதிலே நடப்போர் இலட்சக்கணக்கில். காவி உடுத்தோர் உண்டு, கந்தல் உடுத்தோர் உண்டு; வரம் கேட்போர் உண்டு, வயிற்றுக்குக் கேட்போர் உண்டு. அத்தகைய ஊரிலே, சடை பிடித்த தலையோடு, தமக்குத் தாமே பேசிக்கொண்டு, வானத்தை வெறித்தபடி ஒருவர் பாதையோரம் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும்? சித்தர் என்று கையெடுத்துக் கும்பிடுவார் ஒருவர். பைத்தியம் என்று கல்லெடுத்து எறிவார் மற்றொருவர். "ஐயா, உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்? தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்று கேட்பவர் எவர்?

கும்பிட்டவர் அவரைத் தெய்வமாக்கிவிட்டார், கல்லெறிந்தவர் விலங்காக்கிவிட்டார், மனிதராக மதித்தவர் யார் என்பதே நமது கேள்வி!

துறவை விரும்பி வந்தவரைத் தொல்லைப்படுத்தச் சொல்லவில்லை நாம். தாமாக ஒதுங்கி வாழ்பவர் வேறு. மனநோயால் வழி தவறி, வீடும் வாசலும் மறந்து நிற்பவர் வேறு. இரண்டையும் பிரித்தறியப் பயிற்சி பெற்ற கண் வேண்டும், பரிவு நிறைந்த காது வேண்டும். அந்தக் கண்ணும் காதும் மனநலச் செவிலியருடையவை.

என்ன செய்கிறார் அவர்? எடுத்த எடுப்பில் ஊசியைத் தேடுவதில்லை. காலிலே புண் உண்டா, உடலிலே காய்ச்சல் உண்டா, தலையில் அடிபட்டதா, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கிறார். ஏனெனில், உடல் நோயே மனக்குழப்பமாக வேடம் கட்டி வருவதுண்டு. பிறகு, இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று கேட்கிறார். பசி எப்படி, உறக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, ஆளில்லாமலே குரல் கேட்கிறதா என்று விசாரிக்கிறார். மற்றவர் கேட்கத் தயங்குவதையும் நேராகவே கேட்கிறார்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" இப்படிக் கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்பது வீண் அச்சம். கேட்டால்தான் ஆபத்து தெரியும். தெரிந்தால்தான் உயிரைக் காக்க முடியும்.

டாக்டர் பார்ப்பது சில நிமிடம்; செவிலியர் உடனிருப்பது இரவும் பகலும். மாத்திரை உள்ளே போயிற்றா, மருந்தால் கை நடுங்குகிறதா, கழுத்து இழுக்கிறதா என்று கவனிப்பவர் அவர். தேறிவிட்டார் என்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று குடும்பத்தாருக்குப் புரிய வைப்பவரும் அவரே.

வரலாற்றைப் புரட்டுங்கள். பாரிஸ் நகரின் பிசேத்ரு மருத்துவமனையில் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காலம். 1797ஆம் ஆண்டு அந்தச் சங்கிலியை அகற்றியவர் மாபெரும் மருத்துவரல்லர். புஸ்ஸேன் என்ற வார்டு மேற்பார்வையாளர்! தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்தவர். அதே மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்து எழுந்தவர். புகழோ பினேல் என்ற மருத்துவருக்குப் போயிற்று. பினேல் பெரியவர்தான், ஆனால் புஸ்ஸேனிடமே தாம் கற்றதாக அவரே எழுதி வைத்தார். பக்கத்திலிருந்து பணிபுரிந்தவனே, சங்கிலி தேவையில்லை என்று முதலில் கண்டான்!

பாரிஸில் 1797இல் விழுந்த சங்கிலி, நமது இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டிலும் விழவில்லையே! அந்த ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. கட்டிப் போடப்பட்டவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. நெருப்பு கொன்றதா, சங்கிலி கொன்றதா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

இன்று சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாமல் தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் துறையின் கடமை என்கிறது. லாக்கப்பில் அடைக்காமல், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்கச் சொல்கிறது. எழுத்திலே இனிப்பு! ஆனால் சேர்த்த இடத்திலே கேட்பதற்கு ஆள் வேண்டாமா? 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலக் கோளாறு உண்டென்று கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் கண்டது.

ஆகவே கேட்கிறோம். தீபத் திருநாளுக்கும் பௌர்ணமிக்கும் அமைக்கும் மருத்துவ முகாம் ஒவ்வொன்றிலும் மனநலப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அமரட்டும். அரசு மருத்துவமனைகளிலே அவர்களுக்கு நிரந்தர இடங்கள் இருக்கட்டும். பயிற்சி பெற்றவரை வேறு வார்டுக்கு மாற்றி வீணாக்கும் வேடிக்கை வேண்டாம். காவலருக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலே ஒருவர் கலங்கி நின்றால் மறைக்காதீர்கள், மந்திரிக்க அலையாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசுச் சேவைக்குக் கட்டணமில்லை. மனநோய் சாபமல்ல, பாபமல்ல, நோய்! நோய்க்குத் தேவை மருந்து. நோயாளிக்குத் தேவை மரியாதை. இரண்டையும் ஒரே கையால் தருபவர் செவிலியர். அந்தக் கைகளைப் பெருக்குவீர், ஆட்சியாளர்களே!