பிடி என்றாலும் ஹிடி என்றாலும்

பெங்களூரு புல்ஸும் தமிழ் தலைவாஸும் மோதினால் ஸ்ரீராம்புரத்துத் தமிழர் எந்தப் பக்கம்? கபடிக் களத்தின் கணக்கு வேறு பதில் சொல்கிறது.

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால், கன்டீரவா உள்விளையாட்டரங்கம் அதிக தூரமில்லை. ஆனால் அங்கே பெங்களூரு புல்ஸும் தமிழ் தலைவாஸும் கபடியில் மோதினால் இந்தப் பேட்டையின் தமிழருக்குச் சங்கடம்தான். பிறந்தது, படித்தது, சம்பளம் வாங்குவது எல்லாம் பெங்களூரில். வீட்டில் பேசுவதோ தமிழ். கை தட்டுவது யாருக்கு?

வேறு ஊரில் இது டீக்கடை அரட்டை. இங்கே அப்படியல்ல. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வெடித்தபோது, பெங்களூர்த் தமிழர்கள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 2016 செப்டம்பரில், தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் இதே நகரில் எரிந்தன. அதற்கு மறு ஆண்டுதான் புரோ கபடி லீகில் தமிழ்நாட்டின் பெயரில் தலைவாஸ் அணி இறங்கியது. 2014இலிருந்தே ஆடிவந்த புல்ஸுக்குப் பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு போட்டியாளர் கிடைத்தார்.

ஆனால் விசில் ஊதியபின் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட விரிப்பில் நடப்பது வேறு சண்டை. பாடிப் போகும் ரெய்டருக்கு 30 விநாடி. எதிரே ஏழு பேர். அவர்களில் முக்கியமானவர்கள் இரு ஓரங்களிலும் நிற்கும் 'கார்னர்' ஆட்டக்காரர்கள். கணுக்காலையும் தொடையையும் கவ்வுவது அவர்கள் வேலை. உள்ளே நிற்கும் 'கவர்' ஆட்டக்காரர்கள் ரெய்டர் திரும்பும் வழியை மறிப்பார்கள், அல்லது மோதி வெளியே தள்ளுவார்கள். கார்னர் அவசரப்பட்டால் ஒரு புள்ளி போகும். தயங்கினால் ரெய்டர் போனஸ் கோட்டை மிதித்துவிட்டு வந்துவிடுவார்.

தலை எண்ணிக்கைதான் வியூகத்தின் உயிர். களத்தில் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் உண்டு. மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது ரெய்டரை மடக்கினால் இரண்டு புள்ளி. எனவே ஆள் குறைந்த அணி உடனே கலங்குவதில்லை. வெறுங்கையோடு திரும்பும் ரெய்டுகளால் நேரத்தைக் கடத்தி, எதிராளி வலைக்குள் வரட்டும் என்று காத்திருக்கும். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் போனவர் அவுட். அந்த மூன்றாவது ரெய்டுக்கு யாரை அனுப்புவது என்பதில் பயிற்சியாளரின் மூளை தெரியும். மொத்த அணியும் காலியானால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி.

புல்ஸ் ஒரு காலத்தில் இந்தக் கணக்கையெல்லாம் ஒரே ஆளை வைத்துத் தீர்த்தது. டெல்லிக்காரரான பவன் செராவத், ஆறாவது பருவத்தின் இறுதிப் போட்டியில், 2019 ஜனவரி 5 அன்று 22 புள்ளி குவித்து புல்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஹரியாணா ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டுப் புள்ளி. பிடிக்க வருபவர்களின் தலைக்கு மேலே தாவிச் செல்லும் அவரைக் கார்னர்கள் கனவிலும் கண்டு பயந்தார்கள்.

பிறகு வந்தது ஏலம். 2022இல் 2.26 கோடி ரூபாய் கொடுத்து அவரை வாங்கியது தலைவாஸ். புதுச் சட்டையில் முதல் ஆட்டம் அக்டோபர் 8 அன்று, அதே கன்டீரவா அரங்கில். எதிரணி ரெய்டரைத் தடுக்க முயன்றபோது முழங்காலில் அடிபட்டு, பருவம் முழுவதையும் இழந்தார். தலைவாஸின் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நரேந்தர் என்ற புதுமுகம் 200க்கு மேற்பட்ட ரெய்டுப் புள்ளிகள் எடுக்க, சாகர், சாகில் குலியா என்ற இரு கார்னர்கள் பிடியை இறுக்க, அணி முதல் முறையாக அரையிறுதியைத் தொட்டது. ஒரு நட்சத்திரத்தை நம்பியிருப்பதைவிட இரண்டு ஓரங்களும் உறுதியாக இருப்பது மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த ஆண்டு புல்ஸும் அரையிறுதியோடுதான் நின்றது. பவன் 2025இல் மறுபடி தலைவாஸுக்கு வந்து, பருவத்தின் நடுவிலேயே பிரிந்தும் போனார்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் முதல் இரண்டு பருவங்களிலும் புல்ஸின் தற்காப்பில் நின்றார். 2016இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர் பெங்களூருக்கு ஆட, டெல்லிக்காரர் தமிழ்நாட்டுக்கு ஆட, இரு அணிகளிலும் ஹரியாணாக்காரர்கள் நிறைந்திருக்க, சட்டையின் நிறத்தில் மொழியைத் தேடுவது வீண்வேலை.

ஆகவே அடுத்த மோதலில் ஸ்கோரை மட்டும் பார்க்காதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ரெய்டர்கள் எந்த மூலையைக் குறிவைக்கிறார்கள் என்று கவனியுங்கள். முக்கிய ரெய்டர் எவ்வளவு நேரம் வெளியே உட்கார்ந்திருக்கிறார், மூன்றே பேர் மிஞ்சும்போது எந்த அணி பொறுமை காக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெற்றி அங்கேதான் முடிவாகிறது.

ஸ்ரீராம்புரத்துத் தமிழர் யாருக்குக் கை தட்டினால் என்ன? ரெய்டரின் கால் கார்னர் பக்கம் நீளும் அந்த நொடியில் அவர் 'பிடி' என்று கத்துவார். பக்கத்து இருக்கைக் கன்னடர் 'ஹிடி' என்பார். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் என்பது மொழியியல் மாணவர்களுக்குத் தெரிந்த பாடம். சொல் ஒன்றுதான். பயமில்லாமல் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கத்த முடிந்தால், அதுவே பெரிய வெற்றி.